கல்லும் கள்ளும்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பினன் ஒருவன் கல்லூரி மலருக்குக் கட்டுரை எழுதப் புகுவானாயின், சங்கச் செய்யுள் ஒன்றன் நயத்தையோ, காப்பியத் தலைவி ஒருத்தியின் பெருமையையோ எடுத்துரைப்பான் என்பது வாசகர் யாவரும் எதிர்பார்ப்பதே. சென்ற ஆண்டு யாமும் அவ்வாறே செய்தோம். அக்கட்டுரையை முற்றும் படித்தவர் எம் பேராசிரியரும் அச்சுப்படி திருத்தியவரும் ஆகிய இருவரே என்பது பின்னர்த் தெரியவந்தது. இவ்வாண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கணினி விளையாட்டு. அதனை ஆக்கியோருள் ஒருவர் யாம். வெளியிட்டபின் வந்த மடல்களுக்கு விடை எழுதியவரும் யாமே. அவ்விடைகளுள் ஒன்று எம்மை இன்றளவும் உறுத்திக்கொண்டிருக்கின்றது. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

முதற்கண் ஓர் இலக்கணக் குறிப்பு. ‘யாம்’ என்பது தன்மைப் பன்மை. எழுதுவோன் ஒருவனே ஆயினும் யாம் என்று எழுதுதல் பழைய வழக்கு. எம் விளையாட்டை ஆக்கியோரோ மெய்யாகவே இருவர்: யாமும், எம் விடுதி அறைத் தோழரும். ஆகலின் இக்கட்டுரையில் யாம் என்பது சிலவிடத்து இருவரையும், சிலவிடத்து எம் ஒருவரையும் குறிக்கும். எங்கே எது என்பதை வாசகர் இடம் நோக்கி உணர்ந்துகொள்க. அவ்வேறுபாட்டை யாம் மறந்ததனாலன்றோ இவ்வளவும் நேர்ந்தது!

எம் தோழர் பௌதிக வகுப்பினர். இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில், மழையால் மின்சாரம் நின்றும் வந்தும் விளையாடிய ஒரு மாலைப்பொழுதில், தம் மடிக்கணினியில் ‘வேர்ல்ட் ஆஃப் கூ’ என்னும் விளையாட்டை எமக்குக் காட்டினார். பசை போன்ற சிற்றுருண்டைகளை ஒன்றோடொன்று கோத்துக் கோபுரமும் பாலமும் எழுப்பி, எஞ்சிய உருண்டைகளை ஒரு குழாயின் வாய்க்குக் கொண்டுசேர்த்தலே அதன் செயல். கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்தால் சாய்ந்ததுதான்; கட்டியவர் எத்துணைக் கெட்டிக்காரராயினும் எடை தன் வழக்கை விட்டுக்கொடுப்பதில்லை. கைல் கேப்ளர், ரான் கார்மெல் என்னும் இருவர் பெரிய நிறுவன வேலையை விடுத்து, ‘டூ டி பாய்’ என்று தமக்கொரு பெயர் சூட்டிக்கொண்டு, 2008 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அதனை வெளியிட்டனர். வித்து அதற்கும் முந்தியது. 2005 இல் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் கேப்ளரும் உடன் பயின்ற மூவரும் தமக்குள் ஓர் ஒழுங்கு வகுத்துக்கொண்டனர்: ஒவ்வொரு விளையாட்டையும் ஒருவரே தனித்துச் செய்தல் வேண்டும், 7 நாளுக்குள் முடித்தல் வேண்டும். அவ்வாறு ஒரு பருவத்தில் 50 க்கு மேற்பட்ட சிறு விளையாட்டுகள் பிறந்தன. அவற்றுள் கேப்ளர் செய்த ‘டவர் ஆஃப் கூ’ என்பதே பின்னர் வளர்ந்து பெரிய விளையாட்டாயிற்று.

இவ்வரலாற்றைச் சொல்லி முடித்த தோழர், “நாமும் ஒண்ணு செய்வோமாடா?” என்றார். எமக்குக் கணக்கு வாராது என்றோம். “கணக்கை நான் பாத்துக்கிறேன். கதையை நீ பாரு” என்றார். 7 நாளில் முடிப்பதென்று உறுதி செய்துகொண்டு தொடங்கினோம். முடிந்தது 14 திங்கள் கழித்து.

கதை எம் பொறுப்பாயிற்று. எம் ஊரில், எம் பாட்டனார் தோட்டத்துக் கிணற்றருகே ஒரு கல் தூண் நிற்கின்றது. அதன் தலையில் ஒரு காலத்தில் ஏற்றமரம் கிடந்தது. மரத்தின் ஒரு நுனியில் கழியும் அதன் கீழ்ச் சாலும் தொங்கும். ஆள் மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடப்பான். முன்னே நடந்தால் சால் கிணற்றுள் இறங்கும், பின்னே நடந்தால் நீரோடு மேலே எழும். வேறொன்றும் இல்லை, நெம்புகோலும் மனிதன் எடையுமே. மின்சாரப் பம்பு வந்தபின் மரம் விறகாயிற்று. தூணை மட்டும் ஒருவரும் அசைக்க முடியவில்லை. அத்தூணைப் பற்றிச் சொன்னபோது தோழர் கண்கள் விரிந்தன. “இது போதும்” என்றார். எம் விளையாட்டின் பெயர் ‘ஏற்றம்’ ஆயிற்று. விளையாடுவோர் கற்களையும் கயிறுகளையும் உருளைகளையும் தக்கவாறு வைத்து, மரத்தின் ஒரு நுனியிற் கல்லை விழச்செய்து, மறு நுனியிலுள்ள சாலை உயர்த்தி, நீரை வாய்க்காலில் ஊற்றல் வேண்டும். வாய்க்கால் நிறைந்தால் அடுத்த கட்டம். கட்டங்களுக்குப் ‘படலம்’ என்று பெயரிட்டோம். அது எம் செருக்கு. மொத்தம் 20 படலங்கள்.

கணினிக்குள் கல் விழுதல் எளிய செயலன்று. வெளியுலகில் கல்லைக் கைவிட்டால் தானே விழும். கணினிக்குள்ளோ விழும் ஒவ்வொரு கணத்திலும் அதன் வேகம், இடம், அது மோதும் பொருள் யாவற்றையும் கணக்கிட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். இக்கணக்கை ஒவ்வொருவரும் முதலிலிருந்து செய்யப் புகின் ஆயுள் போதாது. எரின் கேட்டோ என்பவர் 2006 இல் விளையாட்டு வல்லுநர் மாநாடு ஒன்றில் விளக்கிக் காட்டி, 2007 இல் யாவரும் இலவசமாய்க் கையாளுமாறு வெளியிட்ட ‘பாக்ஸ் டூ டி’ என்னும் நிரல் தொகுதி இவ்வேலையைச் செய்து தருகின்றது. மூலம் சி பிளஸ் பிளஸ் என்னும் நிரல்மொழியில் ஆயது. பிறர் அதனை ஜாவாஸ்கிரிப்டுக்குப் பெயர்த்தனர். அம்மொழிபெயர்ப்பையே தோழர் எடுத்தாண்டார். உலகெங்கும் சிறுவர் கையில் பறந்த ‘ஆங்கிரி பேர்ட்ஸ்’ பறவைகளும் இத்தொகுதியின் கணக்கிலே பறந்தவையே. ஆயினும் அவ்விளையாட்டில் கேட்டோவின் பெயர் முதலில் இடம்பெறவில்லை. 2011 இல் ஒரு மாநாட்டில் அவ்விளையாட்டைச் செய்த நிறுவனத்தார் பேசிமுடித்ததும், கூட்டத்திலிருந்து கேட்டோ எழுந்து, தாங்கள் கையாளும் பௌதிகத் தொகுதி யாது என்று வினவினாராம். பெயரைச் சொன்னார்கள். அதனை ஆக்கியோன் பெயரையும் குறிக்கலாமே என்றாராம். இக்கதையைக் கேட்டது முதல் எம் விளையாட்டின் முதற்பக்கத்திலேயே கேட்டோவின் பெயர் வரவேண்டுமென்று தோழர் பிடிவாதமாய் நின்றார். யாம் உடனே இசைந்தோம். நூலுக்குப் பாயிரம் எழுதுவோர் ஆக்கியோன் பெயரைச் சொல்லாது விடுவரோ?

சென்ற ஆகஸ்டுத் திங்களில், தனியார் செய்யும் சிறு விளையாட்டுகளை ஏற்கும் ‘இட்ச்’ என்னும் இணையத்தளத்தில் ‘ஏற்றம்’ வெளியாயிற்று. விலை இல்லை, விரும்பினோர் விரும்பியதைத் தரலாம் என்று குறித்தோம். இதற்கும் டூ டி பாய் இருவரே எமக்கு வழிகாட்டிகள். தம் விளையாட்டு வெளியாகி ஓராண்டு நிறைந்த 2009 அக்டோபரில், 20 டாலர் விலையுள்ள அதனை ஒரு வாரம் விரும்பிய விலைக்கு விற்றனர். ஏறத்தாழ 57,000 பேர் வாங்கினர். சராசரியாக ஒருவர் கொடுத்தது 2 டாலரும் சிறிது சில்லறையும். ஒரே ஒரு சென்ட் கொடுத்தோர் கூட்டமே மிகப் பெரிது. அவ்வாறாயினும் அவர்களிடம் ‘ஏன் இவ்விலை கொடுத்தீர்’ என்று பணிவாகக் கேட்டு, வந்த விடைகளைத் தொகுத்து வெளியிட்டனர் அவ்விருவர். எமக்கு வந்த பணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விடுதிச் சிற்றுண்டிச் சாலையில் இருவரும் ஒரு மாலை பஜ்ஜியும் தேநீரும் உண்டோம், மிச்சம் இல்லை.

முதல் நாள் விளையாடியவர் 11 பேர். அவருள் 9 பேர் எம் விடுதியினர். இரண்டாம் வாரத்தில் யாரோ ஒருவர் தம் நண்பர்க்குச் சொல்ல, அவர் பலர்க்குச் சொல்ல, மடல்கள் வரத் தொடங்கின. தோழர் மடல்களைக் கண்டு அஞ்சுபவர். “நீதானே தமிழ் படிக்கிற? நீயே பதில் எழுது” என்று எம் தலையிற் சுமத்தினார். யாமும் மகிழ்ச்சியோடு ஏற்றோம். ஒவ்வொரு விடையின் அடியிலும் ‘அன்புடன், யாம்’ என்று ஒப்பமிட்டோம்.

வந்த மடல்களுள் சிலவற்றை இங்கே குறியாது செல்லல் ஆகாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வேறு நாட்டில் வாழும் அம்மையார் ஒருவர், “தம்பிமாரே, நாங்கள் இதைத் துலா என்றுதான் சொல்லுவோம். எங்கள் வீட்டுக் கிணற்றில் துலா இருந்தது. அப்பா துலா மிதிக்க, அம்மா பட்டை பிடித்துத் தண்ணீர் இறைப்பா” என்று எழுதியிருந்தார். ‘துலா’ என்பதை நிகண்டுகளிலும் தராசுக் கோலைக் குறிக்கும் சொல்லாகவுமே கண்டு பழகிய எமக்கு, அஃது ஒருவர் வீட்டுக் கிணற்றடியில் உயிரோடு நின்றமை பெருவியப்பாயிருந்தது. அவர்க்கு நீண்டதொரு விடை எழுதினோம். அவர் வேண்டுகோளின்படி, விளையாட்டைத் தொடங்குமிடத்து ‘ஏற்றம்’ என்றோ ‘துலா’ என்றோ விளையாடுவோர் தேர்ந்துகொள்ள இடமும் வைத்தோம்.

மற்றொருவர் ஒன்பதாம் படலத்தை யாம் கனவிலும் கருதாத வழியில் முடித்துவிட்டார். ஏற்றமரத்தைத் தொடாமலே, கற்களைக் கிணற்றுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டி, நீர்மட்டத்தையே உயர்த்தி வாய்க்காலில் வழியச்செய்தார்! காகமும் குடமும் கதையை அறிந்த எமக்கு இது தோன்றாமற்போனதே என்று வெட்கினோம். தோழரோ சினங்கொண்டார். கிணற்றின் வாயை மூடிவிடுவதாகச் சொன்னார். இரண்டு நாள் வழக்காடினோம். பின்லாந்து நாட்டவராகிய பெட்ரி புர்ஹோ செய்து 2009 சனவரியில் வெளியிட்ட ‘கிரேயான் பிசிக்ஸ் டீலக்ஸ்’ விளையாட்டை யாம் சான்று காட்டினோம். அதில் விளையாடுவோர் வண்ணக்கோலால் எதை வரைந்தாலும் அஃது எடைபெற்று உருண்டோடும். ஆகலின் எந்தக் கட்டத்தையும் ஆயிரம் வழியில் முடிக்கலாம். புர்ஹோ அவ்வழிகளை அடைக்கவில்லை. அழகிய வழி, பழைய வழி என்று வேறுவேறு வழிகளுக்கு வேறுவேறு பரிசு வைத்தார். இதைக் கேட்டுத் தோழர் தணிந்தார். ஒன்பதாம் படலத்தை அவ்வழியால் முடிப்பார்க்கு இப்போது திரையின் மூலையில் ஒரு காகம் வந்து உட்காரும். அக்காகத்தை வரைந்தவர் தோழரே.

இவ்வாறு பாராட்டும் நகைப்பும் பெருகப் பெருக, எமக்குள் ஒரு செருக்கும் பெருகியதை யாம் உணரவில்லை. விடைகளை விடைகளாக அன்றிச் சிறு இலக்கியங்களாக எழுதத் தலைப்பட்டோம். சிலேடையும் இடக்கும் இல்லாத விடையை அனுப்புதற்கு நாணினோம். படிப்போரும் சிரித்தனர், சிரிப்பைப்போல் எழுதுவோனைக் கெடுப்பது வேறில்லை.

அக்டோபர் இறுதியில் ஒரு மடல் வந்தது. எழுதியவர் ஒரு சிறு நகரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். இரவில் கடையை அடைக்குமுன் கடைக் கணினியில் விளையாடுவாராம். மடல் மிகச் சுருங்கியது. “சார் 14வது கட்டம் முடிக்க முடியள. கள் பளகைக்குள் புகுந்து கீள போகுது. சில தடவ நிக்குது. சில தடவ போகுது. பாருங்க சார்.” அவ்வளவே.

பதினான்காம் படலம் எமக்கு மிக உவப்பானது. அதில் மூன்று கற்கள் மிக உயரத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பலகையின்மேல் விழவேண்டும். மூன்றும் தங்கினால்தான் பெருஞ்சால் எழும். எம் விடுதியில் எல்லாரும் அதனை முடித்திருந்தனர். ஒரு கல் பலகையை ஊடுருவியதாக ஒருவரும் சொன்னதில்லை. ‘சில தடவை நிற்கிறது, சில தடவை போகிறது’ என்பதைப் படித்தபோது, கல்லுக்கு மனநிலை மாறுமோ என்று நகைத்தோம். மேலும், உள்ளதை உள்ளவாறு சொல்லுதும்: ‘கல்’ என்பதைக் ‘கள்’ என்றும், ‘பலகை’யைப் ‘பளகை’ என்றும் எழுதும் ஒருவர் கண்ணால் எதனைத் திருந்தக் கண்டிருக்கக்கூடும் என்ற எண்ணம் எம்முள் இருந்தது. லகர ளகர வேறுபாடு அறியாதார்க்குக் கல்லும் பலகையும் மட்டும் வேறுபடத் தெரியுமோ என்று கருதினோம். தோழர் அப்போது செய்முறைத் தேர்வுக்காக ஆய்வுக்கூடத்தில் இருந்தார். அவரைக் கேளாமலே விடை எழுதினோம்:

“அன்பரே, கள் உட்புகுந்தார்க்கு எதுவும் எதனையும் ஊடுருவுவதாகத் தோன்றுதல் இயல்பு. கல் அவ்வாறு செய்வதில்லை. தெளிந்தபின் மீண்டும் முயல்க. அன்புடன், யாம்.”

எழுதி முடித்ததும் எமக்கே எம் திறத்தின்மேல் காதல் உண்டாயிற்று. அன்று மாலைக்குள் பலர் அதனைக் கண்டு சிரித்திருந்தனர். ஒருவர் அதனைப் படம்பிடித்து நண்பர்க்கெல்லாம் அனுப்பினார்.

மறுநாள் ஜெராக்ஸ் கடைக்காரரிடமிருந்து மீண்டும் ஒரு மடல். “சார் நான் குடிக்கிறவன் இல்ல. எழுத்து பிழைக்கு மன்னிக்கவும். எட்டாவதுதான் படிச்சேன். கல் உள்ள போறது உண்மை சார்.” இம்முறை ‘கல்’ என்பதைச் சரியாக எழுதியிருந்தார். அந்த ஓர் எழுத்தைத் திருத்த அவர் யாரையேனும் கேட்டிருப்பாரோ என்று இன்று நினைக்கிறோம். அன்று நினைக்கவில்லை. விடை எழுத வேண்டும் என்று கருதினோம். ஆனால் நகைச்சுவைக்கு இடமில்லாத விடையை எழுதும் வழி எமக்கு மறந்திருந்தது. இடைத்தேர்வு வந்தது. மடல் கீழே கீழே தள்ளப்பட்டுக் கண்ணுக்கு மறைந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குச் சென்றோம். தந்தையார் 12 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணினி ஒன்று எம் வீட்டில் உண்டு. அதனை எழுப்பிவிட்டுச் சென்று குளித்து வந்தாலும் அது விழித்திராது. பண்டிகைக்கு மறுநாள், ஆறாம் வகுப்புப் படிக்கும் எம் தங்கை, அண்ணன் செய்த விளையாட்டை ஆடியே தீருவேன் என்று அதன்முன் அமர்ந்தாள். படங்கள் விட்டுவிட்டு நகர்ந்தன. அவள் அதனைப் பொருட்படுத்தவில்லை. விரைவாகவே பல படலங்களைக் கடந்தாள். யாம் அண்ணிய நாற்காலியில் முறுக்கு தின்றுகொண்டு பெருமிதத்தோடு பார்த்திருந்தோம். பதினான்காம் படலம் வந்தது. முதற் கல் விழுந்தது, நின்றது. இரண்டாம் கல் விழுந்தது.

“அண்ணே, கல்லு பலகைக்குள்ள பூந்து போயிட்டுதே!”

யாம் நோக்கினோம். கல் பலகைக்குக் கீழே, கிணற்றுள் விழுந்துகொண்டிருந்தது. மீண்டும் ஆடச்சொன்னோம். மூன்றாம் கல் போயிற்று. மீண்டும் ஆடினாள். முதற் கல்லே போயிற்று. சில தடவை நின்றது. சில தடவை போயிற்று. கடைக்காரர் எழுதியதில் ஒரு சொல்லும் மிகையில்லை. வாயிலிருந்த முறுக்கை விழுங்க முடியவில்லை.

தோழரைத் தொலைபேசியில் அழைத்தோம். யாம் சொல்லி முடிக்குமுன்பே அவர் ஐயையோ என்றார். பின் விளக்கினார். அவ்விளக்கத்தை எமக்கு விளங்கிய அளவில் இங்குத் தருகிறோம். பௌதிக வகுப்பினர் பொறுத்துக்கொள்க.

திரையில் காணும் இயக்கம் தொடர்ச்சியானதன்று. தனித்தனிப் படங்களின் அடுக்கு. எம் விடுதிக் கணினிகள் ஒரு விநாடிக்கு 60 படம் காட்டின. தோழர் எழுதிய நிரல், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் சென்றதோ அந்நேரத்தை ஒரே தாவாகத் தாவிக் கல்லை நகர்த்தும். பதினான்காம் படலத்தில் கல் 7 மீட்டருக்குச் சற்று மிகுந்த உயரத்திலிருந்து விழுவதால், பலகையை அணுகும்போது அதன் வேகம் விநாடிக்கு 12 மீட்டர். விநாடிக்கு 60 படமாயின் ஒரு தாவு 20 சென்டிமீட்டர். கல்லின் குறுக்களவு 20 சென்டிமீட்டர், பலகையின் கனம் 10. ஆக 30 சென்டிமீட்டர் எல்லைக்குள் எங்கேனும் கல் அகப்பட்டால் மோதல் கண்டுபிடிக்கப்படும். 20 ஆகிய தாவு 30 ஆகிய எல்லையைத் தாண்டிச் செல்ல முடியாது. பழைய கணினியோ விநாடிக்கு 15 படமே காட்டியது. அப்போது ஒரு தாவு 80 சென்டிமீட்டர்! பலகைக்கு மேலே இருந்த கல் அடுத்த படத்தில் பலகைக்குக் கீழே இருக்கும். இடையில் அது பலகையைத் தொட்டதாகக் கணக்கில் எங்கும் பதிவில்லை. தாவின் முடிவு அந்த 30 சென்டிமீட்டருக்குள் தற்செயலாய் வீழ்ந்தால் நிற்கும்; அன்றேல் போகும். மூன்று கல்லும் நிற்பது ஏறத்தாழ 20 முறைக்கு ஒரு முறை. நிலையாக நிற்கும் சுவர்களைப் பொறுத்தவரை பாக்ஸ் டூ டி தானே இத்தவற்றைக் காத்துக்கொள்ளும். எம் பலகையோ ஏற்றமரம், ஆடும் பொருள். ஆடும் பொருளும் ஆடும் பொருளும் மோதும்போது நாம் தனியே சொன்னாலன்றி அக்காவல் இல்லை. மற்றப் படலங்களில் கல் அத்துணை உயரத்திலிருந்து விழாமையால் குற்றம் வெளிப்படவில்லை.

இதற்கு மருந்து பலர்க்கும் தெரிந்ததே. கிளென் ஃபீட்லர் என்பார் 2004 இல் எழுதிய கட்டுரை ஒன்றை விளையாட்டு நிரல் எழுதுவோர் பலர் இன்றும் எடுத்துப் பார்க்கின்றனர். சென்ற நேரத்தை ஒரே தாவாக்காமல், 60 இல் ஒரு விநாடி அளவான சிறு அடிகளாக வகுத்து, எத்தனை அடி வேண்டுமோ அத்தனையும் நடத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். படம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் ஒரு படத்துக்கு நான்கு அடி. கணினி மிக நலிந்ததாயின் அடிகளுக்கு ஓர் உச்சவரம்பு வைக்கவேண்டும். இல்லையேல் கணக்கு நேரத்தைத் துரத்த, நேரம் கணக்கைத் துரத்த, யாவும் நின்றுவிடும். “படிச்சிருக்கேன்டா. பிறகு மாத்தலாம்னு விட்டுட்டேன்” என்றார் தோழர். அவர் குரல் தாழ்ந்திருந்தது. அன்றிரவே திருத்தத் தொடங்கினார்.

யாம் அப்போதுதான் கடைக்காரர் மடலைப் பற்றிச் சொன்னோம். எம் விடையையும் படித்துக் காட்டினோம். தொலைபேசியில் நெடுநேரம் ஒலியில்லை.

“என்னையும் சேத்துத்தானேடா ‘யாம்’னு போட்டிருக்க?” என்றார் இறுதியில்.

யாம் அதற்கு விடை சொல்லவில்லை. விடுமுறை முடிந்து அறைக்குத் திரும்பியபின்னும் இரண்டு நாள் அவர் எம்மோடு வேண்டிய அளவே பேசினார். குடிப்பழக்கத்தால் அவர் வீட்டில் ஒருவர் பட்ட துன்பத்தை யாம் முன்னமே அறிவோம். அறிந்தும் அந்நகையை எழுதியது எம் கை. அவ்வளவுக்குமேல் அதனை இங்கு விரித்தல் முறையன்று.

மன்னிப்பு மடல் எழுதுதல் எத்துணைக் கடினம் என்பதை அப்போது கண்டோம். முதலில் எழுதியது ஒரு பக்கம். அதில் தாவும் அடியும் படமும் பற்றிய விளக்கமே நிறைந்திருந்தது. குற்றம் கணினியுடையது போலத் தோன்றியது. கிழித்தோம். இரண்டாவதில் ‘அறியாமையால்’ என்ற சொல் நான்கு முறை வந்தது. அதுவும் ஆகாது. அறியாமை எம் குற்றமன்று. அறிந்துகொள்ள மறுத்ததே குற்றம். மூன்றாவது முறை இவ்வாறு எழுதினோம்: “ஐயா, தாங்கள் சொன்னது உண்மை. கல் பலகைக்குள் போகின்றது. பிழை எங்கள் நிரலில் உள்ளது, திருத்திவிட்டோம். தாங்கள் சொன்னபோதே பாராமல் தங்களை இழிவாக எழுதியவன் நான் ஒருவனே. என் தோழர்க்கு அதில் பங்கில்லை. மன்னிக்க வேண்டுகிறேன்.” யாம் என்று ஒப்பமிடவில்லை. எம் சொந்தப் பெயரை இட்டோம். பழைய விடையை அழித்துவிடலாமா என்று தோன்றியது. தோழர் வேண்டாமென்றார், அதன் அடியிலேயே மன்னிப்பும் நிற்கட்டும் என்றார். நின்றது. சிரித்தோர் பலர் அதனையும் கண்டனர். ஓரிருவர், இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கின்றது என்று எழுதினர். அவர்க்கு விடை எழுதவில்லை.

ஒரு வாரம் சென்றது. பதினொரு நாள் சென்றன. கடைக்காரர் விளையாடுவதையே விட்டிருப்பார் என்று முடிவு செய்தோம். விளையாட்டின் முதற்பக்கத்தில் கேட்டோவின் பெயருக்குக் கீழே, பிழை கண்டு உதவியோர் என்று ஒரு வரி சேர்த்துத் தோழர் காத்திருந்தார். அவர் பெயரை இட அவரது இசைவு வேண்டுமே.

பன்னிரண்டாம் நாள் இரவு, கடை அடைக்கும் நேரத்துக்கு, மடல் வந்தது. தோழரே அதனைத் திறந்து உரக்கப் படித்தார்.

“சார் இப்ப கல் நிக்குது. 14 முடிச்சிட்டேன். பேரு போட வேணாம் சார், கடை பேரு போடுங்க. 17ல கயிரு சுவத்துக்குள்ள போகுது. நல்லா பாத்துட்டுத்தான் சொல்றேன்.”

‘கயிரு’ என்றே எழுதியிருந்தார். தோழர் எம்மை நோக்கினார். யாம் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை இழுத்து அவர் அருகே போட்டுக்கொண்டோம். யாமிருவரும் பதினேழாம் படலத்தைத் திறந்து, கயிற்றை உருளையில் மாட்டி, சுவரின் ஓரமாக மெல்ல இழுத்துப் பார்த்தோம். கயிறு சுவருக்குள் போகத்தான் செய்தது.